விடுபட்ட சொல்லின் பெயர்

அக்கா,

உங்கள் முப்பத்தோராம் நாள் நினைவு மலரின் மெய்ப்பு சற்றுமுன் சூடாக வந்தது. மை மணம் எழுந்ததும் நீங்கள் உட்காரும் பக்கத்துக் கதிரையைத் திரும்பிப் பார்த்துவிட்டேன். இதைத் திருத்த வேண்டியவர் நீங்களல்லவா?

ஜேர்மனியில் எத்தனையோ வருடம் அச்சகங்களில் வேலை செய்துவிட்டு, சண்டை ஓய்ந்த பிறகு தம்பி சுதனைத் தேடி வந்தீர்கள். முள்ளிவாய்க்காலில் அவரைக் கண்டவர்கள் இருந்தார்கள். அதற்குப் பிறகு கண்டவர்கள் இல்லை. நீங்கள் திரும்பிப் போகவில்லை. கிளிநொச்சியில் என் அச்சகத்துக்கு வந்து, "வேலை இருக்கோ?" என்று கேட்டீர்கள்.

கொழும்பிலிருந்து மொழிபெயர்க்க வந்த ஜேர்மன் அச்சுத்தொழில் சொற்பட்டியலை ஆங்கிலமாக்க உட்கார்ந்த நாட்களில் சிரித்ததுபோல நான் என்றுமே சிரித்ததில்லை. ஜேர்மன் உங்கள் பாடு, ஆங்கிலம் என் பாடு. வேறு எழுத்துரு தவறிக் கலந்தால் ஜேர்மன் அச்சுக்காரருக்கு அது "வெங்காய மீன்". "சமைச்சுக்கொண்டு குசினிக்குள்ளை இருந்து அச்சடிச்சிருக்கிறாங்கள்!" என்றீர்கள். ஒரே சொல் இரண்டு தரம் விழுந்தால் "கல்யாணம்".

பிறகு, விடுபட்ட சொல் வந்தது. அதற்கு ஜேர்மன்காரர் வைத்த பெயர் "பிணம்". நீங்கள் பேனையை வைத்துவிட்டீர்கள். ஆங்கிலத்தில் அதை "அவுட்" என்பார்கள் என்று மெல்லச் சொன்னேன்.

"அவுட் எண்டால்?"

"வெளியிலை எண்டு, அக்கா. மூலப்பிரதியைப் பாத்துச் சேர்க்கச் சொல்லி ஓரத்திலை எழுதுவினம்."

"அப்ப இங்கிலிஷ்காரனுக்குக் கொஞ்சம் மூளை இருக்கு. காணேல்லை எண்டால் செத்ததெண்டு ஆர் சொன்னது? வெளியிலை நிக்குது. தேடிக் கூட்டிக்கொண்டு வரவேணும். எழுதும் பிள்ளை, அவுட்!"

என்ன மனுசி நீங்கள்! மரணச் சான்றிதழ் எடுக்கச் சொன்ன அதிகாரியிடம், "ஆளைக் காட்டுங்கோ, பிறகு எடுக்கிறன்" என்றீர்கள். அந்த நெஞ்சுரத்தை வேறு எவரிடமும் நான் காணவில்லை.

இப்போது மெய்ப்பில், உறவுகளின் வரிசையில், உங்கள் பெற்றோரின் பெயர்களுக்கு முன்னால் "காலஞ்சென்ற" இருக்கிறது. அடுத்து வரவேண்டிய சுதனைக் காணவில்லை. எழுதித் தந்த உங்கள் மச்சாளிடம் தொலைபேசியில் கேட்டேன்.

"காலஞ்சென்ற எண்டு போட மனமில்லை. போடாமல் விட்டால் சனம் கேக்கும். அதுதான் பேரையே விட்டிட்டன்," என்று அழுதா.

அவாவைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சிவப்புப் பேனையை எடுத்து, ஓரத்தில் "அவுட்" என்று எழுதினேன். "சுதனின் அன்பு அக்காவும்" என்று சேர்த்தேன். பெயருக்கு முன்னால் ஒன்றும் போடவில்லை.

யாராவது கேட்டால் இனி நான் சொல்லிக்கொள்கிறேன், அக்கா. அவர் வெளியில் நிற்கிறார்.