மழைக்கோட்டுக்குப் பத்து

பெப்ரவரி 12, புதன், போயா

துஷாந்த் இன்றும் ஆறுதான் போட்டான். ஆறுக்கு மேல் எண் இருப்பது அவனுக்குத் தெரியாதோ என்னவோ. பேராதனையில் தற்காலிக விரிவுரையாளராம். அவனிடம் விடைத்தாள் கொடுக்கிற பிள்ளைகளை நினைத்தால் பாவமாக இருக்கிறது.

நானும் யுகேஷும் ஸிபானும் மட்டும் இருந்தவரை பௌர்ணமி லீவான போயா நாள் நன்றாகத்தான் இருந்தது. பிலிமத்தலாவையில் யுகேஷின் அப்பாவுடைய ஹார்ட்வெயார் கடைக்கு மேலே ஓர் அறை. போயாவுக்குக் கடை பூட்டு, எவ்வளவு சத்தமாகப் போட்டாலும் கேட்க ஆளில்லை. ஒருவர் பழைய ஹிப் ஹொப் ஆல்பம் ஒன்றைக் கொண்டுவருவார். போன்கள் எல்லாம் வெறும் பெயின்ட் வாளிக்குள். முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு முடியும்வரை யாரும் வாய் திறக்கக்கூடாது. பிறகு ஆளுக்கொரு அட்டைத் துண்டில் பத்துக்கு எத்தனை என்று எழுதி, எல்லாரும் ஒன்றாகத் திருப்ப வேண்டும். திருப்பிய மார்க்கை மாற்றக்கூடாது. குறைந்த மார்க் போட்டவர்தான் முதலில் பேச வேண்டும். சட்டங்களைப் போட்டது நான். பள்ளிக்கூடத்தில் ஏ.எல். படித்த நாளிலிருந்து மூன்று பேரும் சிநேகிதர் என்பதால் அவர்கள் இரண்டு பேரும் தலையாட்டினார்கள்.

அந்தக் கடைசிச் சட்டத்தைப் போட்ட வாயை நானே அடித்துக்கொள்ள வேண்டும். கெலிஓயாவில் ஸிபானின் போன் கடைக்குத் தன் போனைத் திருத்தக் கொண்டுவந்தவன்தான் இந்தத் துஷாந்த். "நல்லா இங்கிலீஷ் பாட்டுத் தெரிஞ்ச ஆள்" என்று ஸிபான் கையோடு கூட்டிவந்தான். அன்றிலிருந்து குறைந்த மார்க் அவனுடையது. ஆகவே ஒவ்வொரு போயாவும் அவன்தான் முதலில் பேசுகிறான். பேசிக்கொண்டே இருக்கிறான்.

"ஓரளவுக்குப் பரவாயில்லை. ஆனா நீங்கள் எல்லாரும் உணர்ச்சிவசப்பட்டு மார்க் போடுறியள்." என்னைப் பார்த்துத்தான் சொன்னான்.

உணர்ச்சி இல்லாமல் கேட்க வேண்டுமென்றால் ஸ்டேஷனில் போய் ரயில் அறிவிப்பைக் கேட்கலாமே.

பெப்ரவரி 21

துஷாந்த் யூடியூப் சேனல் தொடங்கியிருக்கிறான். நான் பார்க்கப் போவதில்லை.

பார்த்தேன். போன போயாவில் நான் சொன்னதை, சொல்லுக்குச் சொல், தன்னுடைய யோசனைபோல் கண்ணை மூடிக்கொண்டு சொல்கிறான். திருட்டுப் பயல்.

மார்ச் 13, வியாழன், போயா

ஸிபானின் முறை. நல்ல ஆல்பம்தான். எனக்கு எட்டு, யுகேஷ் எட்டு, ஸிபான் ஒன்பது. இவன் ஐந்து. பாடகன் மூச்சு எடுக்கிற இடம் சரியில்லையாம்.

அறையின் ஒரு சுவரை வெள்ளையாக விட்டு வைத்திருக்கிறோம். எல்லாரும் பத்துப் போட்ட ஆல்பத்தின் அட்டைப்படத்தை யுகேஷ் அதில் பெயின்ட் அடிப்பான். அவன் கைக்கு நல்ல சித்திரம் வரும். ஆனால் சுவர் இன்னும் வெள்ளைதான். இவன் இருக்கும்வரை அது வெள்ளையாகவேதான் இருக்கும்.

மே மாத வெசாக் போயாவுக்கு என் முறை. மழைக்கோட்டைக் கொண்டுபோகப் போகிறேன். இத்தனை நாள் வேண்டுமென்றே கொண்டுபோகாமல் வைத்திருந்தேன். அட்டையில் மழைக்கோட்டுப் போட்ட ஒருவன் பஸ் ஹோல்ட்டில் நிற்பான், அதனால் எங்களுக்கு அதன் பெயர் மழைக்கோட்டு. எனக்குப் பதினெட்டு வயதில், கண்டி மணிக்கூட்டுக் கோபுரத்துக்குப் பக்கத்து மாடிக் கடையில் கம்ப்யூட்டரிலிருந்து அடித்து வாங்கிய சீடி. அதன் முடிவைப் பற்றி இந்த இரண்டு பேருக்கும் சொல்லிச் சொல்லியே என் வாய் தேய்ந்துவிட்டது. அந்த முடிவைக் கேட்டுவிட்டு ஒருவன் பத்துப் போடவில்லை என்றால் அவன் மனிதனே இல்லை.

சுவரில் அது வர வேண்டும். வேறு எதுவும் எனக்கு வேண்டாம்.

ஏப்ரல் 12, சனி, போயா

புத்தாண்டு நெருக்கம். நான் வேலை செய்கிற மூக்குக்கண்ணாடிக் கடையில் லீவு இல்லை. தலாதா வீதி முழுக்கச் சனம், எல்லாருக்கும் இன்றைக்கே புதுக் கண்ணாடி வேண்டுமாம். அவர்கள் மூன்று பேரும் நான் இல்லாமல் கேட்டிருக்கிறார்கள். துஷாந்த் ஆறு.

மே 12, திங்கள், வெசாக்

 ஒழுங்காக எழுத வருமா தெரியவில்லை.

சீடியைப் போட்டோம். துஷாந்த் சீடியா என்று ஒரு மாதிரிச் சிரித்தான். போனை வாளிக்குள் போட்டான். ஒரு மணி நேரம். யாரும் அசையவில்லை. பிறகு கடைசிப் பாட்டு. இரவு வேலைக்குப் போன அம்மா வருவதற்கு முன்னால் ஒரு பையன் பாத்திரங்களைக் கழுவி வைக்கிறான், அவ்வளவுதான் பாட்டு. பாதியில் தாளம் நின்றுவிடும். அவன் குரலும் குழாய்த் தண்ணீர்ச் சத்தமும் மட்டும். கடைசியில் குரலும் நின்று, தண்ணீர் மட்டும் ஓடும். பிறகு யாரோ குழாயைப் பூட்டுவார்கள். அதோடு ஆல்பம் முடியும்.

ஸிபான் முகத்தைத் துடைத்தான். யுகேஷ் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கு எத்தனையாவது தடவையோ, அப்படியும் லேஞ்சியால் கண்ணைத் துடைத்தேன்.

திருப்பினோம். யுகேஷ் பத்து. ஸிபான் பத்து. நான் பத்து. அவன் நாலு.

நாலு!

குறைந்த மார்க், ஆகவே அவன் பேச வேண்டும். பேசுவதற்கு முன் வாளிக்குள் கைவிட்டுப் போனை எடுத்தான். "இது அந்த ஆல்பம் இல்லை" என்றான். "இந்தப் பாட்டு ஒறிஜினல்ல மூண்டாவது. அதுக்குப் பிறகு கார் வாங்கின பாட்டு வரும். கடைசிப் பாட்டு வேற. உங்களுக்குச் சீடி அடிச்சவன் ஃபைல் எல்லாத்தையும் ஏ, பீ, சீ ஒழுங்கில போட்டு அடிச்சிருக்கிறான். நீங்கள் இவ்வளவு வருசமாக் கேட்டது அகரவரிசையை."

போனை எங்கள் முகத்துக்கு நேரே நீட்டினான். பட்டியலைப் பார்த்தேன். உண்மை. ஏயில் தொடங்குகிறது என் சீடி, டபிள்யூவில் முடிகிறது.

"உங்களுக்கு முதல்லயே தெரியுமா?" என்று கேட்டேன்.

"ஓம். நீங்கள் முடிவு முடிவு எண்டு சொல்லேக்க சந்தேகப்பட்டுப் பாத்தனான். உங்கட முறை வரட்டும் எண்டு இருந்தன்."

பார்த்துவிட்டுச் சும்மா இருந்திருக்கிறான். மாதக்கணக்கில்!

ஸிபான்தான் முதலில் சிரித்தான். "அல்லாவே, நான் ஏபீசீடிக்கா அழுதேன்?" யுகேஷும் சிரித்தான். அது போகட்டும், சிரிப்பு வந்தால் சிரிக்கட்டும். அதற்குப் பிறகு யுகேஷ் பேனையை எடுத்தான். அட்டையில் இருந்த பத்தை வெட்டி ஏழு என்று எழுதினான்.

"என்னடா செய்யிற?"

"பிழையான ஆல்பத்துக்கு எப்புடி, நிரஞ்சனி, பத்து போடுறது? ஒறிஜினலுக்கு ஏழுதான் வரும்னு நெனைக்கிறேன்."

ஸிபானும் வெட்டினான். அவனும் ஏழு.

ஒறிஜினலை இவர்கள் கேட்கவே இல்லை. கேட்காத ஆல்பத்துக்கு ஏழு! ஒரு நிமிஷத்துக்கு முன்னால் அழுதவன் ஸிபான். காது சொன்னதைப் போன் வந்து இல்லை என்றதும், காதை வெட்டி எறிந்துவிட்டான்கள். திருப்பின மார்க்க மாத்தக்கூடாதுன்னு சொன்னேனே, எத்தன தடவ சொன்னேன், இவனுங்களுக்கு வெக்கமா இல்லையா?

"நான் கேட்டதுக்குத்தான் மார்க் போட்டேன். எனக்கு பத்துதான்" என்று சொல்லிவிட்டு இறங்கி வந்தேன். சீடியை எடுக்கக்கூட நிற்கவில்லை.

கெட்டம்பைக்கு இப்பால், வெசாக்குக்கு இலவசமாகத் தின்னக் கொடுக்கிற தன்சல்காரர்கள் பஸ்ஸை மறித்து, ஏறி, எல்லாருக்கும் ஐஸ்கிரீம் கொடுத்தார்கள். வேண்டாம் என்றாலும் விடவில்லை. ஒரு கையில் ஐஸ்கிரீம், ஒரு கையில் லேஞ்சி, அழுதுகொண்டே கட்டுக்கலையில் இறங்கினேன். பக்கத்து சீட் அம்மா சிங்களத்தில் "வீட்டில் யாராவது செத்துப்போனார்களா?" என்று கேட்டார்.

மே 13

எரிச்சல்.

மே 18, ஞாயிறு

ஒறிஜினல் ஒழுங்கில் கேட்டேன். ஒரே மூச்சில், போனை அலுமாரிக்கு மேலே வைத்துவிட்டு, சட்டப்படி.

குழாய்த் தண்ணீர் நின்ற அடுத்த நொடியே கார் ஹோர்ன். அம்மா வந்தாளா இல்லையா என்று நினைக்கக்கூட இடமில்லை. கடைசியில் ஏதோ விருந்துப் பாட்டு. கைதட்டல்.

எனக்கு ஏழு.

நானும் ஏழு! அதுதான் வயிற்றெரிச்சல். அவன் சொன்னது சரி. ஆனால் நான் பத்துப் போட்டது இதற்கில்லை. அன்றைக்கு அறையில் ஓடியதற்கு. அதைப் பாடகன் செய்யவில்லை, சீடி அடித்தவனும் தெரிந்து செய்யவில்லை, யாருமே செய்யவில்லை. அதனால் அது இல்லை என்று ஆகிவிடுமா?

யாரிடம் கேட்பது? கேட்கக்கூடியவர்கள் இரண்டு பேர் இருந்தார்கள்.

ஜூன் 10, செவ்வாய், போயா

போகவில்லை. தலைவலி என்று யுகேஷுக்கு மெசேஜ் போட்டேன். சுகமாகட்டும் என்று கைகூப்பிய படம் ஒன்று அனுப்பினான். தூ.

ஜூன் 14, சனி

கடையில் என்னோடு வேலை செய்கிற நிலூஷா போனை நீட்டினாள். "அக்கா, இது ஒங்க ஃபிரெண்டு தானே? சிரிச்சு ஏலாது."

துஷாந்தின் வீடியோ. "கண்டியில ஒரு பிள்ளை. பதினொரு வருசமா ஒரு ஆல்பத்தின்ர முடிவைப் பற்றிப் பிரசங்கம் வைச்சவ..." பெயர் சொல்லவில்லை. சொல்லத் தேவையா? கண்டியில் இந்தப் பாட்டுக் கேட்கிற பெண்கள் எத்தனை பேர்? கீழே முந்நூறு பேர் சிரிக்கிறார்கள். ஒருவன் எழுதியிருக்கிறான், பெண்களுக்கு எதற்கு ராப் என்று. அதற்குப் பத்தொன்பது லைக்.

நான் மூக்குத்தண்டுக்கு அளவெடுத்துக்கொண்டிருந்த பெரியவரின் கண்ணாடியைக் கோணலாக வளைத்துவிட்டேன். முதலாளி பார்த்தார்.

அவனை எனக்குப் பிடிக்கவில்லை. எழுதிவைக்கிறேன்: பிடிக்கவே இல்லை.

ஜூன் 15

யுகேஷ் போன் பண்ணினான். "அவன் பேர் சொல்லலையே நிரஞ்சனி. சும்மா பகிடிக்குத்தானே."

"நீ எதுக்கு மார்க்க வெட்டின? அத மொதல்ல சொல்லு."

 போனில், அவன் கடையில் யாரோ அரை கிலோ ஆணி கேட்கிற சத்தம் வந்தது. பிறகு பேசுவதாகச் சொல்லி வைத்துவிட்டான்.

ஜூலை 10, வியாழன், போயா

போகவில்லை. யாரும் வரச் சொல்லவும் இல்லை. போயா என்பதால் மீன்கடையும் பூட்டு. பருப்பும் கரட் சம்பலும். நாள் முழுக்க யாரோடும் பேசவில்லை.

ஜூலை 17, வியாழன்

இன்று லீவு எடுத்துக்கொண்டு சீடியை வாங்கிவரப் போனேன். வாங்கிக்கொண்டு, இந்தக் கூட்டத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வருவது என்று முடிவு.

கடையில் சனம். யுகேஷ் என்னைக் கண்டதும் முழித்தான். "மேல... மேல ஆள் இருக்கு" என்றான். யாரென்று கேட்காமல் ஏறினேன்.

பாதிப் படியில் குழாய்த் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. என் சீடி. கடைசிப் பாட்டு. கதவு திறந்துதான் இருந்தது. துஷாந்த் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பெயின்ட் வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்திருந்தான். அப்படியே உள்ளே போய்க் கிழிகிழியென்று கிழித்திருக்கலாம். வாயில் வார்த்தைகளும் ரெடி. ஆனால் பாட்டு முடியவில்லை. முடியும்வரை வாய் திறக்கக்கூடாது என்று சட்டம் போட்ட மடைச்சி நான். படியிலேயே நின்றேன்.

குழாயைப் பூட்டினார்கள். அவன் எழும்பவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பினான். கண் சிவந்திருந்தது. சிமெந்துத் தூசி என்று சொல்வான், நன்றாகக் கொடுக்கலாம் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை.

"அடிக்கடி வருவீங்களோ?"

"இது மூண்டாந்தரம்."

"அந்த வீடியோவ எடுப்பீங்களா?"

"மாட்டன். அதில பிழையா ஒண்டும் சொல்லேல்லையே."

"சனம் சிரிக்குது."

"சிரிச்சது பிழை" என்றான். அவ்வளவுதான். மன்னிப்பு என்ற வார்த்தையை அவன் ஊரில் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை போலிருக்கிறது.

"சரி. இப்ப எத்தன?" என்று கேட்டேன்.

"நாலுதான்."

எனக்கு வந்த கோபத்துக்கு அந்த வாளியாலேயே அவன் தலையில் போட்டிருப்பேன். "மூணு தரம் வந்து ஒளிஞ்சு கேட்டுட்டு நாலா?"

"திருப்பின மார்க்கை மாத்தக்கூடாதெண்டு நீங்கள்தானே சட்டம் போட்டனீங்கள்?" என்றான்.



சீடியை உறைக்குள் போட்டு நீட்டினான். நான் வாங்கவில்லை. "இங்கேயே கெடக்கட்டும்" என்று சொல்லிவிட்டு இறங்கினேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று பஸ்ஸில் வரும்போது யோசித்தேன். ஏ.எல். வகுப்பிலிருந்து கூட இருந்த இரண்டு பேர் ஒரு நிமிஷத்தில் வெட்டினார்கள். அன்றைக்குப் போட்டதை இன்றைக்கும் வைத்திருப்பது நானும் இந்தச் சனியனும் மட்டும்தான். இதை எழுதும்போதுகூடக் கை கூசுகிறது. என்னோடு சேர வேறு ஆள் கிடைக்கவில்லையா?

கீழே யுகேஷ் கேட்டான்: "சீடி எடுத்தியா?"

"இல்ல. அடுத்த போயா யார் முறை?"

"துஷாந்த்."

"வர்றேன்" என்றேன். மூன்று போடுவதற்கு. குறைந்த மார்க் என்னுடையது என்றால் முதலில் பேசுவதும் நான்தான். என்ன பேசுவது என்று கட்டுக்கலை வரும்வரை யோசித்து வைத்தேன். நல்ல நல்ல வார்த்தைகளாக வந்தன.

ஆகஸ்ட் 8, வெள்ளி, போயா

பெரஹரா ஊர்வலத்துக்குப் பின்னேரம் ரோடு பூட்டிவிடுவார்கள் என்று காலையிலேயே போய்விட்டேன். ஸிபான் எனக்கென்று கெலிஓயாவிலிருந்து மரக்கறி ரோல்ஸ் கொண்டுவந்திருந்தான். தின்றேன். அவனோடு பேசவில்லை. யுகேஷோடும் இல்லை. இன்னும் கொஞ்ச நாள் போகட்டும்.

துஷாந்த் கொண்டுவந்தது நான் கேள்விப்படாத ஆல்பம். இரண்டு பெண்கள் பாடுகிறார்கள். ஆரம்பத்திலேயே அட்டையில் மூன்று என்று எழுதிக் கவிழ்த்து வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.

பாழாய்ப்போன ஆல்பம் நன்றாக இருந்தது. நாலாம் பாட்டில் கையை அவிழ்த்தேன். கடைசிப் பாட்டுக்கு முந்தியதில் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது, அவன் பார்த்துவிடக்கூடாது என்று சால்வையைப் போர்த்திக்கொண்டேன். முடிந்ததும் யாருக்கும் தெரியாமல் வேறோர் அட்டையை எடுத்தேன். திருப்புவதற்கு முன்னால் மாற்றலாம், அதற்குச் சட்டம் தடையில்லை. எட்டு என்று எழுதினேன். வயிறு எரிய எரிய எழுதினேன்.

திருப்பினோம். யுகேஷ் எட்டு. ஸிபான் எட்டு. நான் எட்டு.

துஷாந்த், தான் கொண்டுவந்த ஆல்பத்துக்குத் தானே, ஏழு.

இன்றும் அவன்தான் முதலில் பேசினான்.