அப்பா புதுப்பித்த புத்தகம்

மஞ்சக்குப்பம், கடலூர்
மார்கழி 13, ஞாயிறு

அன்புள்ள வெண்மதி அக்காவுக்கு,

உன் தங்கை இலக்கியா எழுதுவது. இங்கே அப்பா, அம்மா, நான் மூவரும் நலம். பெங்களூர்க் குளிரில் நீயும் பவானி அக்காவும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் சொல்லியிருப்பேன். ஆனால் அம்மாவின் போனில் பேசினால் பக்கத்து வீட்டுக்கும் கேட்கும். அதனால்தான் இந்தக் கடிதம். அரையாண்டுத் தேர்வு முடிந்துவிட்டது. இயற்பியல் மட்டும் சுமார். அதைப் பற்றி இதற்கு மேல் எழுதப் போவதில்லை.

இந்த வருடம் படித்ததில் எது பிடித்தது என்று கேட்டிருந்தாய். மொத்தம் முப்பத்தோரு புத்தகம். பாதி நீ படிக்கும்போது தங்கியிருந்த அண்ணாமலை நகர் லாட்ஜில் விட்டுவிட்டுப் போன அட்டைப்பெட்டியில் இருந்தவை. ஆனி மாதம் அதை எடுத்துவர அப்பாவும் நானும்தான் சிதம்பரம் போனோம். பஸ்ஸில் கண்டக்டர், "மேல வைங்க சார், யாரும் தூக்கிட்டுப் போவமாட்டாங்க" என்றார். அப்பா கேட்கவில்லை. கடலூர் வரும்வரை மடியிலேயே வைத்திருந்தார். சித்திரையில் நீ பவானி அக்காவோடுதான் இருப்பேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பிய நாளிலிருந்து அவர் உன் பெயரைச் சொன்னதில்லை. அன்றும் சொல்லவில்லை.

பெட்டியில் இருந்தவற்றில் 'காக்கிச் சட்டைக்காரி' பிடித்தது. பஸ் நடத்துநராகும் திருநங்கையின் கதை. முதல் நாள் அவர் விரல் படாமல் டிக்கெட்டை இழுத்துக்கொள்கிற பயணிகளே மாதக் கடைசியில், "அந்தக்கா வண்டியா, அப்ப ஏறு" என்கிறார்கள். படிக்கட்டில் தொங்கும் பையன்களை அவர் திட்டும் இடத்தில் நான் சத்தமாகச் சிரித்து அம்மாவிடம் மாட்டிக்கொண்டேன்.

'வெள்ளம் வடிந்த பிறகு' நாவலில் இரண்டு கல்லூரிப் பையன்கள் காதலிக்கிறார்கள். அழகாகத்தான் எழுதியிருக்கிறார்கள். ஆனால் கடைசியில் ஒருவன் ஆற்றோடு போய்விடுகிறான். எனக்குக் கோபம் வந்துவிட்டது. உன் பெட்டியில் இப்படிப்பட்ட காதல் நாவல் மூன்று, மூன்றிலும் சாவு. இவர்கள் கதையில் மட்டும் யாராவது ஏன் செத்தே ஆகவேண்டும்? எழுதினவர்களைப் பார்த்தால் கேட்பேன்.

இந்த வருடத்தின் முதலிடம் உன் பெட்டிப் புத்தகத்துக்கு இல்லை, மன்னித்துக்கொள். நம்மூர் நூலகத்தில் எடுத்த 'தனம் மாவு மில்'தான். தனமும் ஜோதியும் சேர்ந்து ஒரு மாவு மில் நடத்துகிறார்கள். காதல் என்ற சொல் பாதிப் புத்தகம் வரை வருவதே இல்லை. அதற்கு முன்பே ஜோதியின் புருவத்தில் ஒட்டிய மாவைத் தனம் ஊதிவிடுகிறாள். எனக்கு அங்கேயே தெரிந்துவிட்டது. அந்த அத்தியாயம் முழுவதையும் உனக்காக நோட்டில் எழுத ஆரம்பித்தேன். அதில்தான் வம்பு வந்தது.

நூலக அட்டை அப்பா பெயரில் இருப்பது உனக்குத் தெரியும். நான் எழுதி முடிப்பதற்குள் கெடு தாண்டிவிட்டது. "திரு. நடனசபாபதி அவர்களுக்கு" என்று நூலகத்திலிருந்து நினைவூட்டு அட்டை வந்தது. தபால்காரரிடம் அப்பாவே வாங்கினார். "எந்தப் புக்கு இது? எடுத்தா" என்றார். எடுத்துக் கொடுத்தேன். பின்னட்டையில் 'இரு பெண்களின் காதல் கதை' என்று பெரிதாகப் போட்டிருக்கிறது, அக்கா. அப்பா அதை இரண்டு முறை படித்தார். சாப்பாட்டுப் பையில் வைத்துக்கொண்டு பஸ் டிப்போவுக்கு வேலைக்குக் கிளம்பிவிட்டார்.

திருப்பிக் கொடுத்துவிட்டார், அட்டையையும் ரத்து செய்துவிட்டார் என்று நினைத்து நான்கு நாள் நூலகப் பக்கமே போகவில்லை. உன்னோடு பேசவும் விடமாட்டார், இனி உனக்கு நானும் இல்லாமல் போவேனோ என்றுகூடப் பயந்தேன். ஐந்தாம் நாள் தைரியம் வந்து நூலகத்துக்குப் போனேன். நூலகர் ஜெயசீலன் சார் பதிவேட்டைப் பார்த்துவிட்டு, "உங்கப்பா புதுப்பிச்சிட்டுப் போயிட்டாரேம்மா, இன்னும் ஒம்போது நாள் இருக்கு. ஏன், அவருகிட்ட கேக்கலியா?" என்றார். பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். அழுதேனா என்று கேட்காதே.

தினசரிப் பேப்பர் தவிர எதையும் படிக்காத நம் அப்பா, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் டிப்போவில் உட்கார்ந்து படித்திருக்கிறார். அன்று சாயங்காலம் அவர் சாப்பாட்டுப் பையைத் திறந்து பார்த்தேன், பின்னட்டை தெரியாமல் பழைய காலண்டர் தாளில் அட்டை போட்டிருக்கிறார். நேற்று ஈர வேட்டியைக் கொடியில் போட்டுக்கொண்டே என்னைக் கூப்பிட்டார். "பாப்பா, அந்தக் கதைல ரெண்டு பொண்ணுல யாராச்சும் செத்துடுதா? இப்பவே சொல்லிடு. செத்துடும்னா நான் மேல படிக்கல."

இல்லப்பா, ரெண்டு பேரும் கடைசி வரைக்கும் மில் நடத்துறாங்க, இன்னொரு மிஷினும் வாங்குறாங்க என்றேன். "சத்தியமா?" என்றார். சத்தியமாக என்றேன். வேட்டியை இன்னொரு தடவை உதறினார், அது ஏற்கெனவே உதறியதுதான். சமையலறையிலிருந்து அம்மா, "கதைய ஃபுல்லா சொல்லிட்டா அப்புறம் மனுஷன் என்னத்தப் படிப்பாரு" என்றாள். அம்மாவுக்கும் தெரிந்திருக்கிறது!

இன்று காலை தேவனாம்பட்டினத்திலிருந்து வஞ்சிரம் வந்தது. மார்கழியில் மீனா என்று அம்மா முறைத்தாள். அப்பா என் பக்கம் திரும்பி, "காணும் பொங்கலுக்கு நல்ல மீனா வாங்கணும். ஆமா, அந்தப் பொண்ணு பவானி மீன் சாப்புடுமா?" என்று கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன். "கேட்டு எழுது. வெண்மதிக்குத் தெரியும்ல" என்றார்.

ஆகவே கேட்டு எழுதுகிறேன், அக்கா. பவானி அக்கா மீன் சாப்பிடுவார்களா? பதிலைக் கடிதத்தில் போடாதே. இருவரும் நேரில் வந்து சொல்லுங்கள். மாவு மில் புத்தகத்தை அதுவரை நானே இன்னொரு முறை புதுப்பித்து வைக்கிறேன்.

உங்கள் இருவருக்கும் என் முத்தங்களுடன்,
உன் தங்கை
ந. இலக்கியா