நான் எழுதாத மெயில்

என் கண்ணு குட்டிக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் நலம். எப்போதும் கடிதத்தின் தலையில் எழுதுகிற நலம் இல்லை இது, நிஜமான நலம். எனக்குக் காய்ச்சல்கூட இல்லை, அப்பாவுக்கு ஒன்றும் ஆகவில்லை, வீடு வீடாகவே இருக்கிறது. இந்த வரியைப் படித்துவிட்டு முதலில் மூச்சு விட்டுக்கொள், மற்றதைப் பிறகு படி. என் பெயரில் உனக்கு ஒரு மெயில் வந்திருக்கும். "நான் பெரிய இக்கட்டில் மாட்டிக்கொண்டிருக்கிறேன், போனில் பேச இயலாது, யாரிடமும் சொல்லாமல் உடனே பதில் தரவும்" என்று இருக்கும். அதை நான் எழுதவில்லை கண்ணு. அதற்குப் பதில் போடாதே. கீழே நீல எழுத்தில் கோடு போட்டு ஏதோ இருக்கும், அதைத் தொடவே தொடாதே. எல்லாவற்றுக்கும் மேலே, பதறிப்போய்க் கப்பலை விட்டு இறங்கிவிடாதே. உன்னை எனக்குத் தெரியாதா? எனக்குப் பல் பிடுங்கினார்கள் என்று அப்பா வாய் தவறிச் சொன்னதற்கே, பாதிப் பரீட்சையில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து வாசலில் நின்றவள் நீ. இந்தப் பயணம் முடிந்தால் பதவி உயர்ந்து மூன்றாம் இன்ஜினியர் ஆகிவிடுவாய் என்று சொன்னாய். அது என்னால் கெட்டுப்போனால் நான் எந்த முகத்தை வைத்துக்கொண்டு உன் எதிரில் நிற்பேன்?

நடுக்கடலில் உன் சொந்த மெயில் திறக்காது, துறைமுகத்துக்கு வந்தால்தான் பார்ப்பேன் என்று நீ சொல்லியிருந்தது இப்போது ஒரு விதத்தில் நல்லதாகப் போயிற்று. நீ கரைக்கு வருவதற்குள் இது உன் கைக்கு வந்துவிட வேண்டும். அப்பா உன் கம்பெனி ஆபீசுக்குப் போன் போட்டார். அங்கே பேசிய பையன் "சொல்லிடறோம் சார், கவலப்படாதீங்க" என்றானாம். அவன் சொன்ன தினுசில் எனக்குக் கவலை கூடத்தான் செய்தது. பிறகு நானே பேசினேன். கப்பலுக்குச் சாமான் அனுப்புகிற பையில் கடிதம் போடலாம், சாயங்காலத்துக்குள் கொண்டு வந்து கொடுத்தால் நீங்கள் போகிற துறைமுகத்து ஏஜெண்டிடம் போய்விடும் என்றார்கள். அதனால்தான் இந்தப் பேனாவும் காகிதமும். வேறொரு மெயிலில் இருந்து எழுதலாம்தான், ஆனால் எது நான், எது திருடன் என்று உனக்கு எப்படித் தெரியும்? என் கோழிக் கிறுக்கலை எவனும் எழுத மாட்டான்.

நடந்ததைச் சொல்கிறேன். புதன்கிழமை காலை, பல் ஆஸ்பத்திரிக்கு வேலைக்குக் கிளம்புகிற அவசரத்தில், அடுப்பில் ஒன்று வைத்துவிட்டு உன்னிடமிருந்து ஏதாவது வந்திருக்கிறதா என்று கம்ப்யூட்டரைத் திறந்தேன். உங்கள் மெயில் பெட்டி நிரம்பிவிட்டது, இன்றே சரிசெய்யாவிட்டால் பழைய கடிதங்கள் எல்லாம் அழிக்கப்படும் என்று ஒரு மெயில். மேலே நம் மெயில் கம்பெனியின் படம், அச்சு அசலாக. அடுப்பை மறந்தே போனேன். நீ முதல் கப்பலில் ஏறினதிலிருந்து எழுதினது எல்லாம் அதில்தானே இருக்கிறது, இன்ஜின் ரூமில் முகமெல்லாம் கரியோடு நின்று சிரிக்கிற படம் உட்பட. இங்கே அழுத்தவும் என்று இருந்தது, அழுத்தினேன். பாஸ்வேர்டு கேட்டது, கொடுத்தேன். நன்றி என்று வந்தது. நானும் நிம்மதியாக வேலைக்குப் போய், வருகிறவர்களுக்கு நம்பர் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நன்றி சொல்லிவிட்டுத் திருடினவனை நீ கேள்விப்பட்டிருக்கிறாயா?

மறுநாள் விடிந்ததும் போன் மேல் போன். டாக்டர், "என்னம்மா இக்கட்டு, லீவு வேணுமா" என்றார். உன் பெரியம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். "இயலாது, தரவும்னெல்லாம் நீ என்னிக்குடி பேசியிருக்க, படிச்ச ஒடனே இது நீ இல்லன்னு தெரிஞ்சுபோச்சு" என்றாள். என் மெயிலில் பேர் இருக்கிற அத்தனை பேருக்கும் அது போயிருக்கிறது. உனக்கும் போயிருக்கும் என்று தோன்றினதும் கம்ப்யூட்டருக்கு ஓடினேன். உள்ளே போய்ப் பார்க்கலாம் என்றால் என் பாஸ்வேர்டு தப்பு என்கிறது. என் வீட்டுக் கதவை எவனோ உள்ளே இருந்து பூட்டிக்கொண்ட மாதிரி. அப்பா வந்து பார்த்துவிட்டு "எடம் வலம் பாக்காம ஏன் அழுத்தின" என்றார். டிரைவிங் சொல்லிக்கொடுக்கிறவருக்கு எல்லாமே ரோடுதான். எனக்கு வந்த கோபத்தில் அவரோடு பேசாமல், கம்ப்யூட்டர் தெரிந்த ஜெராக்ஸ் கடைக்காரம்மாவிடம் ஓடினேன்.

அந்தம்மா கூட்டத்தை எல்லாம் நிறுத்திவைத்துவிட்டு எனக்காக உட்கார்ந்தாள். பாஸ்வேர்டு மறந்துவிட்டது என்று அழுத்தினால் என் போனுக்கு ஒரு நம்பர் வந்தது. அதைப் போட்டுத்தான் உள்ளே போக முடிந்தது. நல்ல வேளை, என் போன் நம்பரை அவன் இன்னும் மாற்றியிருக்கவில்லை. உன் படங்கள் எல்லாம் அப்படியே இருந்தன, அங்கேயே அழுதுவிட்டேன், ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்கள் என்ன நினைத்தார்களோ. பழைய பாஸ்வேர்டு என்ன என்று அந்தம்மா கேட்டாள். உன் செல்லப் பெயரும் நீ பிறந்த வருஷமும் என்றேன். வேறு எதற்கெல்லாம் அதையே வைத்திருக்கிறீர்கள் என்றாள். கரண்ட் பில், பேங்க், ஆஸ்பத்திரிக் கணக்கு, எல்லாவற்றுக்கும் என்றேன். அந்தம்மா தலையில் கைவைத்துக்கொண்டாள். சாயங்காலம் வரை உட்கார்ந்து ஒவ்வொன்றாக மாற்றினோம். எனக்கு வருகிற ஒவ்வொரு மெயிலுக்கும் ஒரு நகல் வேறு எங்கோ போகும்படி அவன் வைத்திருந்தான், அதையும் தேடிப் பிடித்து எடுத்தாள். இனி உள்ளே நுழைய வேண்டுமானால் பாஸ்வேர்டோடு போனுக்கு வருகிற நம்பரும் வேண்டும், அந்த நம்பரை யார் கேட்டாலும், டாக்டரே கேட்டாலும் சொல்லக்கூடாது என்றாள்.

இதற்கு நடுவில் நடந்ததுதான் உனக்கு முக்கியமாகச் சொல்ல வேண்டியது. மத்தியானம் நான் வீட்டுக்கு வந்து ஏதோ காகிதம் எடுத்துக்கொண்டு திரும்புகிறேன், வாசலில் உன் சித்தப்பா. உனக்கு அவர் முகமே மறந்திருக்கும். தாத்தா இறந்தபோது அவர் வந்து சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. உன் அப்பா இருந்த ஆத்திரத்தில், இனிமே நீ வரவே வேண்டாம் என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார். அவரும் ரோஷக்காரர், வரவே இல்லை. அவர் பேர் என் மெயிலில் எப்படி இருந்தது என்றால், அந்தக் காலத்தில் தாத்தாவுக்கு முடியவில்லை என்று நான்தான் அவருடைய பேக்கரிக்கு மெயில் போட்டிருந்தேன். அதன் பிறகு ஒரு வரி எழுதினதில்லை. அவருக்கு என் பேச்சு எப்படி இருக்கும் என்று மறந்திருக்கும் இல்லையா, "இயலாது" என்று படித்ததும் நான்தான் எழுதினேன் என்று நம்பிவிட்டார். நம் வீட்டுப் பழைய லேண்ட்லைன் நம்பருக்குப் போன் போட்டுப் பார்த்திருக்கிறார், அதைத்தான் நாம் எப்போதோ எடுத்துவிட்டோமே. மாவு பிசைந்த கையை அரைகுறையாகக் கழுவிக்கொண்டு அப்படியே கிளம்பிவிட்டார். நகக்கண்ணில் எல்லாம் மாவு. கையில் ஒரு பை நிறைய ரொட்டி, வெறுங்கையோடு வரக் கூசியிருக்கும் போல. என்னைப் பார்த்ததும் "அண்ணி, அண்ணனுக்கு என்ன ஆச்சு" என்றார். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

ஒன்றும் ஆகவில்லை, அது திருட்டு மெயில் என்று எப்படிச் சொல்வது குட்டி? சொன்னேன். கோபித்துக்கொண்டு அப்படியே திரும்பிப் போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். வாசற்படியில் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டார், சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை. அந்த நேரம் பார்த்து உன் அப்பா காரில் வந்து இறங்குகிறார், பக்கத்தில் ஸ்டியரிங்கைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு யாரோ புதுசாகக் கற்றுக்கொள்கிற அம்மா. தம்பியைப் பார்த்துவிட்டு அப்பா கார்க் கதவைக்கூடச் சாத்தாமல் நிற்கிறார். அந்தம்மா வேறு "சார், நான் எறங்கட்டுமா, இன்னொரு ரவுண்டு போகணுமா" என்று கேட்டுக்கொண்டிருக்கிறாள். கடைசியில் அப்பா "எந்த பஸ்ல வந்த" என்றார். சித்தப்பா "கெடச்ச பஸ்ல" என்றார். "அது ஊரெல்லாம் சுத்திட்டு வருமே" என்றார் அப்பா. "சுத்திட்டுத்தான் வந்துச்சு, வழியெல்லாம் எனக்கு உசுரே இல்ல, அன்னிக்கு மாதிரி இன்னிக்கும் லேட்டாயிடுமோன்னு" என்றார் அவர். உன் அப்பா உள்ளே போய்விட்டார். குளியலறையில் குழாயைத் திறந்துவிட்ட சத்தம் வெகுநேரம் கேட்டது. வெளியே வந்து தம்பியின் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டார், அவ்வளவுதான். இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள் என்று நினைத்துக்கொள்ளாதே, அதற்கெல்லாம் இன்னும் நாளாகும். ஆனால் நேற்று டிவியில் என்ன பார்ப்பது என்று சண்டை போட்டார்கள், எனக்கு அதுவே போதும்.

ஒருவர் வந்ததில் சந்தோஷம், இன்னொருத்தி வந்துவிடக்கூடாதே என்று பயம், இப்படித்தான் என் பொழுது போகிறது. இப்போது நீ செய்ய வேண்டியதைக் கேள். உன் சர்டிபிகேட், பாஸ்போர்ட் நகல் எல்லாம் எனக்கு அனுப்பி வைத்திருந்தாயே, அவை எல்லாம் அந்தப் பெட்டியில்தான் இருந்தன. அவன் பார்த்தானா இல்லையா தெரியாது, உன் ஆபீசில் சொல்லி வைத்துவிடு. நீ அவசரத்துக்கு ஒரு தடவை உன் மெயில் பாஸ்வேர்டை எனக்கு எழுதி அனுப்பினாய், அதை முதலில் மாற்று, ஆனால் துறைமுகத்தில் பத்துப் பேர் தட்டுகிற கம்ப்யூட்டரில் உட்கார்ந்து மாற்றாதே, உன் சொந்த போனிலேயே செய். இங்கே நம் கம்ப்யூட்டரில் புதுப்பிக்கவா புதுப்பிக்கவா என்று ஒன்று வந்துகொண்டே இருக்கும், நான் பிறகு பிறகு என்று தள்ளிக்கொண்டே இருந்தேன். அது வெறும் தொல்லை இல்லை, ஓட்டையை அடைக்கிற வேலை என்று ஜெராக்ஸ் கடைக்காரம்மா சொன்னாள், நேற்று அதையும் செய்தாயிற்று. உன் படங்களை எல்லாம் தனியாக ஹார்ட் டிஸ்க் என்கிற ஒரு சின்னப் பெட்டியில் நகல் எடுத்து, கம்ப்யூட்டரில் இருந்து கழற்றித் துணி அலமாரியில் வைத்துவிட்டேன். இனி எவன் அழித்துவிடுவேன் என்று மிரட்டினாலும் எனக்கு ஒன்றும் இல்லை. அவசரம், இன்றே, இப்போதே என்று வருகிற எதையும் அவசரமாகத் திறக்காதே, அனுப்பினவன் பெயரைப் பார்த்து ஏமாறாமல் முழு முகவரியையும் படி, பேங்க்காரன் எழுதினால்கூட அதிலிருந்து உள்ளே போகாமல் நீயாகத் தனியாகப் போய்ப் பார். நான் அன்றைக்கே முகவரியைப் படித்திருந்தால் தெரிந்திருக்கும், ஏதோ சம்பந்தமே இல்லாத எழுத்தும் நம்பரும். இதெல்லாம் உனக்குத் தெரிந்ததாக இருக்கும், இன்ஜினையே ஓட்டுகிறவளுக்கு நான் சொல்வதாவது. இருந்தாலும் பயந்துபோன நேரத்தில் தெரிந்தது எதுவும் நினைவுக்கு வராது, எனக்கு வரவில்லை.

ஒன்றுதான் உறுத்துகிறது. அம்மா உதவி கேட்டு எழுதினால் நம்பாதே என்று பெற்றவளே பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கிறேனே. இதைச் சித்தப்பாவிடம் சொன்னேன். "நம்பட்டும் அண்ணி, ஆனா கெளம்பறதுக்கு முன்னாடி ஒரு கொரலக் கேக்கட்டும்" என்றார். "நீங்க இனிமே என்ன செய்வீங்க" என்று கேட்டேன். "எனக்குப் பொறுமை ஏது, இன்னொரு மெயில் வந்தாலும் பஸ் ஏறிடுவேன்" என்றார். அப்பா பேப்பருக்குப் பின்னால் இருந்துகொண்டு "மொதல்ல என் போன் நம்பர எழுதிக்கடா" என்றார். ஆகவே நீயும் முதலில் எங்கள் குரலைக் கேள். கரைக்கு வந்ததும் நீயாகக் கூப்பிடு. கூப்பிடும்போது நம் மூன்று பேருக்கு மட்டும் தெரிகிற மாதிரி ஒரு சொல்லை முடிவு செய்துகொள்ளலாம். அதை மெயிலிலும் எழுதக்கூடாது, கடிதத்திலும் எழுதக்கூடாது, வாயால்தான் சொல்ல வேண்டும். நல்ல சொல்லாக யோசித்து வை. உன் செல்லப் பெயர் வேண்டாம், அது ஊருக்கே தெரிந்துவிட்டது.

நேரமாகிவிட்டது. உடம்பைப் பார்த்துக்கொள், இன்ஜின் ரூமில் காதுக்கு அடைப்பு வைக்காமல் நிற்காதே, நேரத்துக்குச் சாப்பிடு, நன்றாகத் தூங்கு. எந்தக் கடலில் இருந்தாலும் நீ நல்லபடியாகப் போய் நல்லபடியாகக் கரை ஏற வேண்டும், எடுத்த காரியம் எல்லாம் உனக்குக் கைகூட வேண்டும். மறுபடியும் சொல்கிறேன், இறங்காதே, முதலில் போன் செய். இந்தக் கடிதத்தை ஆபீசில் கொடுக்க அப்பா கிளம்பிவிட்டார். கூடவே நானும் வருகிறேன் என்று சித்தப்பாவும் செருப்பை மாட்டிக்கொண்டார். ஆபீசுக்குப் பாலத்து வழியாகப் போவதா கடைத்தெரு வழியாகப் போவதா என்று இரண்டு பேரும் வாசலில் சத்தம் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். இந்தப் பாழாய்ப்போன சண்டை முடிவதற்குள் ஆபீசில் கப்பல் பையைக் கட்டிவிடப் போகிறார்கள், நான் போய் இரண்டு பேரையும் காரில் ஏற்றிவிட்டு வருகிறேன்.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்
அம்மா