தம்பியின் வலைப்பக்கத்தில் நான் செய்த திருத்தங்கள்

என் அருமைத் தம்பி குணா,

நீ எங்களைப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. உன் வலைப்பக்கம் அழியவில்லை. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். அதைத்தானே என்னிடம் ஒப்படைத்துச் சென்றாய்?

மருத்துவமனைக் கட்டிலில் படுத்தபடி கடவுச்சொல்லை என் உள்ளங்கையில் எழுதினாய். "அக்கா, மூணு மாசத்துக்கு ஒருக்கா எதையாவது மாத்துங்க லா. இல்லாட்டி அழிச்சிருவாங்க. ஓசி இடம்தானே!" என்று நம் ஊர்ப் பேச்சின் 'லா'வோடு சொன்னாய்.

"ஆறாம் வகுப்போட நின்னவகிட்ட கொடுக்கிறியேடா?"

"பேப்பர்காரனுக்கே தப்பு திருத்தி லெட்டர் போடுறவங்க நீங்க. இது என்ன பெருசு!"

கற்றுக்கொண்டேன், தம்பி. துணிக்கடை வேலை முடிந்ததும் குவீன் ஸ்திரீட்டுக்கு அருகிலுள்ள கணினி நிலையத்துக்குச் செல்வேன். எந்த விசையில் எந்தத் தமிழெழுத்து என்பதைத் தாளில் வரைந்து மனப்பாடம் செய்தேன். யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை. அந்தப் பெருமைதான் என்னைக் கெடுத்தது.

எதையாவது மாற்றச் சொன்னாய். மாற்றுவதைச் செம்மையாக மாற்றுவோமே என்று எண்ணிவிட்டேன். பாலிக் புலா பழத்தோட்டங்களுக்கு மோட்டார் சைக்கிளில் போன கதையில், "டுரியான் வாசம் மோட்டருக்குப் பின்னாலயே ஓடி வந்துச்சு லா" என்று எழுதியிருந்தாய். "முள்நாறிக் கனியின் நறுமணம் எம்மைப் பின்தொடர்ந்தது" என்று நான் திருத்தினேன். எல்லாப் பக்கங்களையும் அவ்வாறே திருத்தி, பழையதன்மேல் பதித்தும் விட்டேன். படி ஒன்று எடுத்து வைக்க வேண்டும் என்பதுகூட எனக்குத் தோன்றவில்லை.

சில நாள்களில், பாயான் பாரு தொழிற்சாலையில் உன்னோடு வேலை செய்த செல்வம் கடைக்கு வந்தார். முகம் வெளுத்திருந்தது.

"அக்கா, சைட்ட பாத்தீங்களா? எவனோ உள்ள பூந்து குணா எழுதுனத எல்லாம் மாத்திட்டான் லா! கோயில்ல பிரசங்கம் பண்ற மாதிரி இருக்கு. படிச்சா அவன் பேசற மாதிரியே இல்லக்கா."

புடவையை மடித்துக்கொண்டே, "அப்படியா? யாரா இருக்கும்?" என்று கேட்டேன். வேறென்ன சொல்வேன்? அன்று மாலை உன் பக்கத்தைத் திறந்து முழுவதும் படித்தேன். பிழையே இல்லை. நீயும் இல்லை. உன்னை இரண்டாம் முறை இழந்தேன், அதுவும் என் கையாலேயே.

செல்வத்தின் தாயார் உன் கதைகளைக் கேட்டுச் சிரிப்பாராம். அவருக்கு வாசித்துக் காட்டுவதற்காகச் செல்வம் எல்லாவற்றையும் அச்செடுத்து வைத்திருந்தார். அந்தத் தாள்களை வாங்கி, மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் எழுத்தெழுத்தாக மீண்டும் அடித்தேன். ஒவ்வொரு 'லா'விலும் உன் குரல் கேட்டது. விரல் பலமுறை திருத்தப் போயிற்று, தடுத்துக்கொண்டேன். அந்த 'எவனோ' நான்தான் என்பதைச் நாளிதழுக்கு நான் அனுப்பும் இந்தக் கடிதத்தைப் படித்தே செல்வம் அறிவார். மன்னிப்பாரா?

இன்னொன்றும் இருக்கிறது. முகப்பின் அடியில், மண்வெட்டியால் தோண்டிக்கொண்டேயிருக்கும் ஒரு குட்டி மனிதனின் படத்தை வைத்து, "வேலை நடக்குது, அப்புறம் வந்து பாருங்க" என்று எழுதியிருந்தாய். வேலை செய்தவனே போய்விட்டானே என்று அதையும் நீக்கியிருந்தேன். இப்போது திரும்ப வைத்துவிட்டேன். வருகிறவர்கள், நீ இன்னும் வேலையில் இருக்கிறாய் என்றே எண்ணிக்கொள்ளட்டும்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை, திருத்திய தேதியை மட்டும் மாற்றுவேன். என் கண்ணும் விரலும் இயங்கும்வரை அது தவறாது. உன் சொல் ஒன்றையும் இனித் தொடமாட்டேன்.

உன் எழுத்துக்கு இனிக் காவலாக மட்டுமே இருக்கும்,
உன் அக்கா சரோஜா