போன் ஒயரைப் புடுங்கிட்டு எழுதினது

யோவ், இத ஸ்கிரீன்ல தொறந்து வெச்சிட்டு மீஞ்சூர்ல அம்மா வூட்டுக்குப் போறேன்.

எண்ணூர் கம்பெனில உக்காந்துகினே நெட்டு வழியா நம்ம வூட்டு கம்ப்யூட்டர்ல வந்து என் டைப்பிங்கத் திருத்தறேன்னு சொன்ன. நேத்து மத்தியானம் இடி இடிக்குதுன்னு நெட்டு வர்ற போன் ஒயரைப் புடுங்கிட்டேன். அப்பவும் மவுஸ் தானா ஓடுது. நெட்டு இல்லாம எண்ணூர்லேந்து எப்டி வரும்? பக்கத்து வூட்டு பாஸ்கர் கம்ப்யூட்டருக்கு மொட்டமாடி மேல நாம இழுத்த ஒயர் ஒண்ணுதான் மிச்சம். எட்டிப் பாத்தேன். அவன் வூட்டு மாடிப்படில உன் செருப்பு.

இப்பவும் புடுங்கிட்டேன். இத நீ படிக்கிறன்னா அங்கதான் கீற.

வேலை எப்பய்யா போச்சு? தெனம் யூனிபார்ம் இஸ்திரி போட்டுக் குடுத்தேனே, ஒரு வார்த்தை சொன்னியா? பாஸ்கருக்குத் தெரியும், எனக்குத் தெரியக் கூடாதா?

நம்ம பொண்ணு மகிழினி கிட்ட ஒண்ணும் சொல்லல. சாவிய மீட்டர் பொட்டி மேல வெக்கறேன். நெத்திலிக் கொழம்பு கீது, சுடவெச்சித் துன்னு. டிபன் பாக்ஸ் சோறு இந்த வெயில்ல ஊசிப் பூடும்.

அப்பால இன்னொண்ணு. பொடவ மாத்திட்டேன், போக மனசு வர்ல. சமையல்கட்டுலதான் குந்திகினு கீறேன். அந்த யூனிபார்மக் கழட்டிப் போட்டுட்டு எறங்கி வா.