வெள்ளை என்று எழுதி ஒட்டிய நீல வண்டி

நகோன் சவான்
அக்டோபர் 21

அன்பு மகன் நோப்புக்கு,

அன்று வண்டியில் இருந்தவர்கள்: ஓட்டியது உன் அப்பா, பக்கத்தில் நான், நடு இருக்கையில் உன் மனைவி பிம், அவள் கையைப் பிடித்துக்கொண்டு அவள் அம்மா சம்லீ, கண்ணாடியில் மாட்டிய மல்லிகை மாலையில் வண்டியைக் காக்கும் வண்டித் தாய், வெளியே வரத் துடித்துக்கொண்டு உன் மகள். புத்தர் புண்ணியத்தில் ஆறு பேரும் இப்போது சுகம். தைவானில் குளிர் தொடங்கியிருக்கும், நீயும் நெஞ்சில் சளி கட்டாமல் நன்றாக இருக்க வேண்டும் என்று காலையும் மாலையும் வேண்டிக்கொள்கிறேன். பிம் போனில் எல்லாம் சொல்லியிருப்பாள், ஆனால் அவள் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தாள், நடந்தது அவளுக்குத் தெரியாது. நான் செய்த தப்பை நானே எழுதிவிடுகிறேன்.

இந்த வண்டியை உன் அப்பா மார்ச் மாதம் என்னைக் கேட்காமல் வாங்கி வந்தது உனக்குத் தெரியும். பன்னிரண்டு வருஷம் ஓடியது, ஏழு பேர் உட்காரலாம் என்கிறார்கள், கடைசி வரிசையில் உட்கார முழங்காலைக் கழற்றி வைத்துவிட்டு ஏற வேண்டும். முன்பு வைத்திருந்தவர் கருவாட்டு வியாபாரி, மூன்று மாதம் எலுமிச்சைப் புல் கட்டுக் கட்டாகப் போட்டும் வாசம் போகவில்லை. ஏசி குளிர பத்து நிமிஷம், ஹாரன் அடித்தால் வாத்து கத்துவது போல இருக்கும், எல்லாம் நோட்டில் குறித்து வைத்திருக்கிறேன். ஆனால் வண்டித் தாள்களைக் கொடுக்க வீட்டுக்கு வந்தபோது அந்த மனுஷன், "அக்கா, தண்ணில மட்டும் இது எருமை, நம்பி இறக்குங்க" என்று சொன்னதையும் குறித்து வைத்தேன். ஆற்றுப் பக்கம் வீட்டை வைத்துக்கொண்டு, மழைக்காலத்தில் பிரசவத்தையும் வைத்துக்கொண்டு, தாழ்ந்த பழைய காரோடு என்ன செய்வது என்றுதான் அப்பா இதை வாங்கினார்.

எனக்கு வாசம்கூடப் பெரிதில்லை, நிறம்தான் உறுத்தியது. அப்பா ஞாயிற்றுக்கிழமை பிறந்தவர், அவருக்கு நீலம் ஆகவே ஆகாது. வண்டியோ நல்ல நீலம். கோயில் பக்கத்துக் கடையில் "இந்த வண்டி வெள்ளை நிறம்" என்ற ஒட்டுத்தாளை வாங்கிப் பின்கண்ணாடியில் ஒட்டினேன். ஒட்டினால் போதாது, வாயாலும் அப்படியே சொன்னால்தான் கிரகம் நம்பும் என்று ஏழு மாதமாக நீலம் என்ற சொல்லையே நான் எடுக்கவில்லை. சந்தையில் எல்லோரும் அப்பாவிடம், "என்ன சங்வான், வெள்ளை வண்டிக்கு இன்னைக்கு நீலச் சட்டையா?" என்று கேட்பார்கள். மழை முடிந்ததும் அந்தத் தாளைக் கிழித்துப் போடுகிறேன் பார் என்று அவர் கறுவிக்கொண்டே இருந்தார்.

ஞாயிறு காலை கஞ்சி குடிக்கும்போது பிம்முக்கு வலி எடுத்தது. பாலத்து ரோடு தண்ணீரில், கரைமேல் போகும் ஒற்றை வழிதான் மிச்சம், அதையும் மீட்புக்குழுப் பிள்ளைகள் கயிறு கட்டி ஒவ்வொரு பக்கமாக விட்டுக்கொண்டிருந்தார்கள். அப்பா வண்டியைக் கிளப்ப, நான் மீட்புக்குழுவுக்குப் போன் போட்டேன். பிரசவ வலி என்றேன், பெரிய வண்டி என்றேன், என்ன நிறம் என்று கேட்டார்கள், யோசிக்காமல் வெள்ளை என்றேன். வாய்ப் பழக்கம் நோப்.

முழங்கால் ஆழத் தண்ணீரில் எருமைதான், பொய்யில்லை, வழியில் மூன்று கார்கள் மூச்சு அடங்கி நின்றன, நம்முடையது முக்கிக்கொண்டே போனது. கரையருகில் போனால் எங்களுக்கு முன்னால் இருபது வண்டி. முன்னே விசில் ஊதி ஒரு வெள்ளை வண்டியை ராஜமரியாதையோடு அனுப்பினார்கள், அது நிறைய வாத்துக் கூண்டு. தப்பான வண்டி என்று தெரிந்ததும் மோட்டார் சைக்கிளில் ஒரு பெண் வரிசை நெடுகத் தேடி வந்தாள். அப்பா தலையை வெளியே நீட்டி "இங்கம்மா, இங்க!" என்று கத்த, "வெள்ளை வண்டியத் தேடறேன் பெரியப்பா, சும்மா இருங்க!" என்று பறந்துவிட்டாள். ஹாரன் அடித்தார், வாத்து வண்டி இன்னொன்று இருக்கிறது என்று நினைத்திருப்பாள். பின்னால் பிம் பல்லைக் கடித்துக்கொண்டு முனகுகிறாள், சம்லீ "தலை இறங்குது, தலை இறங்குது" என்கிறாள். அப்பா மெதுவாக என் பக்கம் திரும்பி, "நீ என்ன நிறம்னு சொன்ன?" என்றார். முப்பத்திரண்டு வருஷத்தில் அவர் என்னைப் பார்த்து அப்படிக் கேட்டதில்லை. அவரைக் காப்பாற்றச் சொன்ன பொய் இந்தப் பிள்ளையைக் கொண்டுபோய்விடுமோ என்று மாலையைப் பிடித்துக்கொண்டு, "தாயே, இது நீலம், நீலம், நீலம்" என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன்.

அந்தப் பெண் திரும்பி வரும்போது எங்களுக்குப் பின்பக்கமாக வந்தாள். பிரேக் கிரீச்சென்றது. கண்ணாடியைத் தட்டி, "பெரியம்மா, பின்னாடி எழுதியிருக்கிறதைப் பார்த்தேன். போன் பண்ணுன வெள்ளை வண்டி நீங்கதானா?" என்றாள். நான் தலையை ஆட்டினேன். அவள் விசிலை ஊதி, "ஒதுங்குங்க, வெள்ளை வண்டிக்கு வழி விடுங்க!" என்று கத்திக்கொண்டு முன்னே போனாள். ஒருத்தன், "எங்கடி வெள்ளை?" என்று கேட்க, "படிக்கத் தெரியாதா? எழுதியிருக்கில்ல!" என்றாள். வரிசை முழுதும் சிரித்துக்கொண்டே ஒதுங்கியது. ஆஸ்பத்திரிக்குள் போய் இருபது நிமிஷத்தில் குழந்தை.

வருகிறவர்கள் எல்லாம், பேய் கண் வைத்துவிடக் கூடாதென்று, வழக்கப்படி "ஐயே, எவ்வளவு அசிங்கமா இருக்கா" என்று கொஞ்சிவிட்டுப் போகிறார்கள். உன் மூக்கு. நேற்று நான் வெந்நீரும் துணியுமாக அந்தத் தாளை உரிக்கப் போனேன், உன் அப்பா ஓடி வந்து தடுத்துவிட்டார். "அதுல கை வைக்காத லமாய், என் பேத்திக்கு வழி விட்டது அதுதான்" என்கிறார். இப்போது வண்டி கழுவும்போது அதைச் சுற்றித் துடைக்கிறார்.

நீ நேரத்துக்குச் சாப்பிடு, இயந்திரத்தின் பக்கம் தூக்கக் கலக்கத்தோடு நிற்காதே, பௌர்ணமியன்று ஐந்து சீலமாவது எடுத்துக்கொள். வண்டித் தாயும் புத்தரும் உனக்கும் துணை இருக்கட்டும். ஒன்றே ஒன்று. முழுப் பெயருக்கு எழுத்துப் பார்த்துக் கொடுக்கிறேன் என்று பெரிய பிக்கு சொல்லிவிட்டார், வீட்டில் கூப்பிடும் பெயரை நீதான் வைக்க வேண்டும் என்று பிம் பிடிவாதமாக இருக்கிறாள். அப்பாவுக்கு 'ஃபா' என்று கூப்பிட ஆசை. வானத்து நீலம். அவளும் ஞாயிற்றுக்கிழமைக்காரிதான். எனக்குச் சம்மதம். உன் சம்மதத்தைச் சீக்கிரம் எழுது, அதுவரை பிள்ளையைக் கூப்பிட எங்களுக்குப் பெயர் இல்லை.

உன் அம்மா
லமாய்