திறக்காத பதினோரு சென்ட் பாட்டில்

அம்மா,

சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும் அவரையைச் சூடு பண்ணிக்கொள். அரேபா ரொட்டிக்குச் சோளமாவு பிசைந்து வைத்திருக்கிறேன்.

நாலு மணிக்கு சென்ட் விற்கிற நொஹெமியம்மா ஆர்டர் புத்தகத்தோடு வருவார். தயவுசெய்து எதையும் வாங்காதே! அப்பா இறந்ததிலிருந்து பதினோரு பாட்டில் கடனுக்கு வாங்கியாயிற்று, ஒன்றைக்கூட நீ திறக்கவில்லை. அந்தக் கடனுக்காகத்தான் ஞாயிற்றுக்கிழமையும் பேக்கரிக்கு ஓடினேன். நேற்று கடைசித் தவணையைக் கட்டிவிட்டு ரசீதோடு ஆசையாக வந்தால், புதுப் புத்தகத்தில் மூன்று சென்டுக்கு டிக் போட்டு வைத்திருக்கிறாய். கத்தாமல் என்ன செய்வேன்?

அதற்கு நீ சொன்னதுதான் இன்னும் குடைகிறது. "அவ ஒருத்திதான்டி உக்காந்து நான் சொல்றத கேக்கறா. வெறுங்கையோட எப்படி அனுப்பறது?"

அவருக்குக் காப்பி கொடு, எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசு. புத்தகத்தை மட்டும் திறக்க விடாதே. கேட்டால், "என் பொண்ணு ராட்சசி, கொன்னுடுவா"ன்னு சொல்லிவிடு.

யமிலே

பி.கு: ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு இன்றோடு முழுக்குப் போடுகிறேன், முதலாளியிடம் சொல்லியாயிற்று. அடுத்த ஞாயிறு முழுநாளும் வீட்டில்தான். நீ அப்பாவைப் பற்றிப் பேச ஆரம்பித்தால், இந்தத் தடவை எழுந்து போக மாட்டேன்.